இருபத்து நாலு செடிக்கு ஒரு லைன்

"மூணு மாசத்துக்குக் குடம் தூக்கக் கூடாது. ஒரு சொம்புத் தண்ணிக்கு மேல கையில எடுக்கக் கூடாது" என்று டாக்டரம்மா சொன்னபோது சித்ராதேவி தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, "அப்ப செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று கேட்டாள். டாக்டரம்மாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு நேற்றுத்தான் தையல் போட்டிருக்கிறது, அந்த வயிற்றோடு படுத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் மேடம்" என்று பக்கத்தில் நின்ற அவள் புருஷன் மாரிச்செல்வம் முந்திக்கொண்டான்.

அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் ஐந்து வாரம் கழித்துத் தெரிந்தது. அதுவரை கட்டிலை விட்டு இறங்கி வாசல்வரை நடப்பதே பெரிய காரியமாக இருந்தது. ஒருநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வீட்டுக்குப் பின்னால் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கத்தரி இலையெல்லாம் ஓரம் தீய்ந்து சுருண்டிருந்தது. மிளகாய்ச்செடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. போர்த் தண்ணியைத் திறந்துவிட்டிருக்கிறான். அந்த உப்புத் தண்ணியில் குளித்தாலே முடி கயிறாகிவிடும், செடி என்ன செய்யும்? எண்ணிப் பார்த்தாள். இருபத்து நாலு மிச்சம் இருந்தது.

செடியைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடியில் ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டின் மூலையில் சின்னான் மேஸ்திரி டேப்பை இழுத்துப் பிடித்தபடி குத்தவைத்திருந்தார். மறுமுனையைப் பிடித்திருந்தது மாரிச்செல்வம்.

"என்ன கோடு இது?"

"ரூமு" என்றான் மாரிச்செல்வம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அவிநாசிபாளையத்தைச் சுற்றி அப்போது, இரண்டாயிரத்து ஏழில், பத்தடிக்குப் பத்தடி இடம் சும்மா கிடந்தால் பார்க்கிறவன் கண்ணுக்கு அங்கே செடி தெரியாது, ரூம்தான் தெரியும். நாலு சுவர், மேலே ஒரு சிமெண்ட் ஷீட். ரயிலேறி வந்த வடக்கத்திப் பையன்கள் ஆறு பேர் மறுநாளே பாயோடு வந்துவிடுவார்கள். மாரிச்செல்வம் கெட்டவன் இல்லை. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மகள் நதியா சாத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். அடுத்த வருஷம் காலேஜ். அதற்கு ஒரு வழி வேண்டும் என்று யோசித்தான். யோசித்த இடம்தான் தப்பு.

"செடி எப்படியும் சாகப் போகுது சித்ரா. உன்னால தூக்க முடியாது. எனக்கு நைட்டு ஷிப்ட்டு முடிஞ்சு வந்து குடம் தூக்க தெம்பு இல்ல. இதுல என்ன ரோசம் வேண்டிக்கிடக்கு?"

"என்னையக் கேட்டீகளா?"

"கேட்டா நீ என்ன சொல்லுவன்னு தெரியும்ல. அதான் கேக்கல."

சித்ராதேவி கீழே உட்கார முடியாது, கத்த முடியாது, இரண்டுக்கும் வயிறு வலிக்கும். நின்றபடியே சொன்னாள்: "ஒரு குடம் தூக்காம, ஒரு சொம்பு தூக்காம, இந்த இருபத்து நாலு செடிக்கும் நான் தண்ணி விட்டுக் காட்டுனா?"

மாரிச்செல்வம் சிரித்துவிட்டான். "காட்டு. அடுத்த திங்கக்கிழமைக்குள்ள காட்டு. காட்டலைன்னா அப்புறம் ரூமப் பத்தி வாயத் தெறக்கக் கூடாது."

"காட்டிட்டா நீங்க தெறக்கக் கூடாது."

சின்னான் மேஸ்திரி டேப்பைச் சுருட்டினார். "உங்க பஞ்சாயத்து எனக்கு வேண்டாமுங்க. நான் திங்கக்கெழம ஆளோட வந்துருவனுங்க. வந்த பொறகு செடி கிடின்னு என்னைய நிக்க வெக்கக் கூடாது, ஆமா."

அவள் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. சித்ராதேவிக்குக் குழாய் தெரியும்.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, அஞ்சாவது வரைக்கும் படித்து, அதற்குப் பிறகு கல்யாணம் ஆகும்வரை தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டியவள். தொண்ணூற்று மூன்றில் புருஷனோடு திருப்பூருக்கு வந்தாள். இரண்டு வருஷம் கழித்து முதலிபாளையம் எஸ்டேட்டில் ஒரு நிட்டிங் கம்பெனியில் பஞ்சு ஊதுகிற வேலை கிடைத்தது. வட்டமாகச் சுற்றுகிற பின்னல் மெஷினில் நூல் ஓட ஓடத் தூசு படியும். காற்றுத் துப்பாக்கியை வைத்து அதை ஊதித் தள்ள வேண்டும். சாயங்காலம் பார்த்தால் ஆளே பஞ்சு பொம்மை மாதிரி இருப்பாள்.

காற்று வருவது கம்ப்ரசரிலிருந்து. கம்ப்ரசரிலிருந்து சுவரோடு ஒரு மெயின் பைப், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கிளை. ஒருநாள் டியூப் ஒன்று கழன்று பாம்பு மாதிரி ஷெட் முழுக்க அடித்துக்கொண்டு ஆடியது. ஆம்பிளைகள் ஓடினார்கள். குழாய் வேலை பார்க்கிற பிட்டர் லீவு. சித்ராதேவி போய் வால்வை மூடினாள், டியூப் முனையை நேராக வெட்டினாள், கனெக்டரில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். மூன்று வருஷமாக பிட்டர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு அது பெரிய வித்தையாகத் தோன்றவில்லை. அந்த பிட்டர் வேறு கம்பெனிக்குப் போனபிறகு, எங்கே காற்று ஒழுகினாலும் "சித்ராவக் கூப்பிடு" என்றார்கள். வேலை பிட்டர் வேலை, கார்டில் மட்டும் ஹெல்பர், சம்பளமும் ஹெல்பர் சம்பளம்.

புது ஷெட் போட்டபோது வெளியாள் ஒருவன் காண்ட்ராக்ட் எடுத்து ஏர்லைன் இழுத்தான். மெயின் பைப்பின் அடிவயிற்றில் ஓட்டை போட்டுக் கிளை எடுத்திருந்தான். சித்ராதேவி பார்த்ததும் கத்தினாள். காற்றோடு கொஞ்சம் ஈரமும் வரும். அந்த ஈரம் பைப்பின் அடியில்தான் ஓடும். அடியில் கிளை எடுத்தால் ஈரம் நேராக மெஷினுக்குள் போகும், ஊசி துருப்பிடிக்கும், துணியில் கோடு விழும். கிளை எப்போதும் பைப்பின் முதுகிலிருந்து மேலே கிளம்பி, கொக்குக் கழுத்து மாதிரி வளைந்து, அதற்குப் பிறகுதான் கீழே இறங்க வேண்டும். "பொம்பள சொல்லி நான் பைப்ப மாத்தணுமா?" என்று காண்ட்ராக்ட்காரன் கேட்டான். பத்தாம் நாள் துணியில் கோடு விழுந்தது. இருபத்திரண்டு கிளையையும் அவளே முதுகுக்கு மாற்றினாள். அன்றிலிருந்து அது அவள் கைக்கு வேதம். தூக்கத்தில் எழுப்பிக் குழாய் இழுக்கச் சொன்னாலும் கிளையை மேலே பார்த்துத்தான் வைப்பாள்.

மறுநாள் பஸ் ஏறி, மெயின் ரோட்டுப் பிரிவில் இறங்கி, சுப்பண்ணன் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். சுப்பண்ணன் அந்தப் பக்கத்து ஆள், நல்ல மனிதர்தான், வாய் மட்டும் அகலம்.

"வாங்க அம்மிணி. ஊட்டுக்காரரு வல்லீங்களா?"

"வர மாட்டாக. அவுகளுக்கு எதிராத்தான் லைன் இழுக்கப் போறேன்."

சுப்பண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அப்புடிப் போடுங்க! சரி, என்ன வேணுங்க?"

"இருபத்து நாலு செடிக்குச் சொட்டுத் தண்ணி. மோட்டார் கிடையாது. வாரத்துக்கு ரெண்டு வாட்டி பஞ்சாயத்துத் தண்ணி வரும், வாசல் குழாயில. அதை ஓசு போட்டு நேரா டிரம்முல விட்டுருவேன். டிரம்முல இருந்து தானா இறங்கிப் போகணும்."

"அரை எச்.பி. மோட்டார் ஒண்ணு போட்டுக்கிட்டா சோலி முடிஞ்சுதுங்க."

"மோட்டார் கேக்கல."

அவர் ஒரு டப்பாவைத் திறந்து பொத்தான் மாதிரிச் சொட்டுவான்களை அள்ளிப் போட்டார். தோட்டத்துக்காரர்கள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். சித்ராதேவி ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதினாள். கன்னம் உப்பியது, காற்றுப் போகவில்லை.

"ஏனுங் அம்மிணி, பீப்பி ஊதறீங்களா? கலியாணங் கிலியாணமுங்களா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் இன்னொன்றை எடுத்து ஊதினாள். அப்புறம் பக்கத்தில் தொங்கிய மெல்லிய கறுப்புக் குழாயில் ஒரு சாண் இழுத்து, அதை ஊதினாள். தாராளமாகப் போயிற்று.

"நான் தம் கட்டி ஊதியே அதுல காத்துப் போகல. என் டிரம்மு நிக்கப் போறது மூணடி ஒசரத்துல. அந்தத் தண்ணிக்கு எங்க அம்புட்டு பெலம் இருக்கும்? அந்தப் பொத்தான் மோட்டார் வெச்ச தோட்டத்துக்கு. எனக்கு இந்த மைக்ரோ டியூப்புக் குடுங்க. செடிக்கு ஒரு முழம்."

சுப்பண்ணனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

கனெக்டர் விஷயத்தில் அவளுக்கே முதலில் ஒரு குழப்பம் இருந்தது. கம்பெனியில் அவள் பார்த்த கனெக்டர் குழாயை வெளியிலிருந்து வளையம் போட்டுப் பிடிக்கும். அங்கே டியூப் கெட்டியாக இருக்கும், பிடி தாங்கும். சொட்டு நீருக்கான கறுப்புக் குழாய் மெத்தென்று இருந்தது. விரலால் அமுக்கினாலே சப்பையாகிறது. இதை வெளியே பிடித்தால் நசுங்கும். உள்ளே நுழைந்து, வரிவரியாக இருக்கிற முள்ளில் கடித்துக்கொண்டு நிற்கிற ஜாதிதான் இதற்கு ஆகும். புரிந்ததும் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் நகத்தால் தடவினாள். வரி மழுங்கியது ஒரு பக்கம். அச்சில் வார்க்கும்போது விழுந்த கோடு துருத்திக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். அந்தக் கோட்டு வழியாகத்தான் ஒழுகும். காற்றோ தண்ணியோ, ஒழுகுகிற இடம் ஒன்றுதான்.

"காய் பொறுக்கற மாதிரியில்ல பொறுக்கறீங்க!"

"முத்தல வெச்சுக்கிட்டு பிஞ்சத் தாங்க."

மெயின் பைப்பில் கிளை எடுக்கிற இடத்துக்கு நாலு ரப்பர் வளையம் கேட்டாள். ஒவ்வொன்றையும் மடித்துப் பார்த்தாள். வெடிப்பு தெரிந்த இரண்டைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினாள். அந்த ரப்பர் வளையத்துக்கு என்ன அளவு துளை போட வேண்டும் என்று கேட்டு, டிரில் பிட்டையும் அளந்துகொண்டாள். ஒரு நூல் பெரிசாகப் போனால் ரப்பர் இருந்தும் பிரயோஜனமில்லை. டிரம்மில் மாட்ட ஒரு டேங்க் நிப்பிள், ஒரு பால் வால்வு, வலை போட்ட பில்டர் ஒன்று, கடைசி முனைகளுக்கு மூடி நாலு. வால்வுக்கும் மெயின் பைப்புக்கும் நடுவில், வேண்டும்போது திருகிக் கழற்ற ஒரு யூனியன்.

"யூனியன் எதுக்குங்க? சொல்யூசன் தடவி ஒட்டி வுட்டீங்கன்னா ஆயுசுக்கும் அசையாது."

"அசையணும்ணே. கழட்ட முடியாத லைன் எனக்கு ஆகாது."

சாமானெல்லாம் ஒரு ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்தது. டிரம் மட்டும் பாக்கி. மாரிச்செல்வத்தின் சிநேகிதன் ஒருவன் சாயப்பட்டறையிலிருந்து நீலக் கேன் ஒன்று தருவதாகச் சொல்லியனுப்பினான், பாவம் பார்த்து. "அந்தக் கேன் என் வாசப்படி தாண்டக் கூடாது. என்ன இருந்துச்சோ அதுல! நான் அதுல தண்ணி புடிச்சு, அந்தக் கத்தரிக்காய என் மக திங்கணுமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். பேக்கரியில் எண்ணெய் வந்த டிரம் ஒன்று கிடைத்தது. சோப்புத்தூள் போட்டு இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவினாள்.

கல் தூக்க முடியாதே! பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் வந்து ஹாலோ பிளாக்கை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கித் தந்தார். அறுபது வயது, இரும்பு உடம்பு. வாயும் அப்படித்தான்.

"ஏங்கண்ணு, ரூமக் கட்டி வுட்டுட்டு மாசமானா வாடகைய வாங்கிச் சீலைல முடிஞ்சுக்காம, இது எதுக்குக் கண்ணு இந்தக் கெரகம்?"

"உங்களுக்குச் சந்தைக்குப் போகாம கத்தரிக்கா வேணுமா வேண்டாமா?"

"வேணுந்தேன்" என்று அடுத்த கல்லை எடுத்தார் பழனாத்தாள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வேலை செய்தாள். டிரம்மின் அடியில் துளை போட்டு நிப்பிளை மாட்டினாள், ரப்பர் வாசர் உள்பக்கம் வரும்படி. மதில் சுவரில் இடுப்பு உயரத்துக்கு நாலு கிளாம்ப் அடித்து மெயின் பைப்பைப் படுக்க வைத்தாள். கம்பெனி ஷெட்டில் எப்படிப் போகுமோ அப்படி. பைப்பின் முதுகில் நாலு துளை. ரப்பர் வளையத்தில் துளி எண்ணெய் தொட்டு அமுக்கினாள். அதிலிருந்து கறுப்புக் குழாய் மேலே கிளம்பி, கொக்குக் கழுத்தாக வளைந்து, கீழே இறங்கி மண்ணில் ஓடியது. முள் கனெக்டரில் குழாய் ஏறாத இடத்தில் முனையைக் கொதிக்கிற தண்ணியில் பத்து எண்ணும்வரை முக்கினாள், இளகியது, ஒரே அழுத்தில் ஏறியது, ஆறியதும் பல்லைக் கடித்த மாதிரி இறுகிக்கொண்டது. ஒவ்வொரு வரிசைக்கும் ஆறு செடி. செடிக்கு ஒரு மைக்ரோ டியூப். டியூப் சொருகத் துளை போட ஆணியைக் காய்ச்சிக் குத்தலாம் என்று பழனாத்தாள் சொன்னதைக் கேட்கவில்லை. காய்ச்சிக் குத்தினால் துளை கோணலாக உருகும். பஞ்ச் வாங்கி வந்திருந்தாள்.

பார்க்க லைன் அத்தனை அழகாக இருந்தது. மாரிச்செல்வம்கூடச் சனிக்கிழமை சாயங்காலம் வந்து இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பஞ்சாயத்துத் தண்ணி வந்தது. டிரம் நிறைந்தது. சித்ராதேவி வால்வைத் திறந்தாள். மாரிச்செல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மதிலுக்கு மேலே பழனாத்தாளின் தலை.

முதல் வரிசையில் இரண்டு செடிக்குச் சொட்டு விழுந்தது. மூன்றாவது செடியில் ஒரு துளி எட்டிப் பார்த்தது, உள்ளே போய்விட்டது. இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு செடி. மூன்றும் நாலும் காய்ந்து கிடந்தன. கால் மணி நேரத்தில், முதல் வரிசையில் விழுந்ததும் நின்றுபோயிற்று. டிரம்மில் முக்கால்வாசித் தண்ணி அப்படியே இருந்தது.

சித்ராதேவி பில்டரைக் கழற்றிப் பார்த்தாள். சுத்தம். சோப்பு நுரை அடித்து ஒவ்வொரு மூட்டிலும் தடவினாள், கம்பெனியில் காற்று ஒழுகலைப் பிடிக்கிற மாதிரி. தண்ணி லைனுக்கு யாராவது நுரை தடவுவார்களா? பழக்கதோஷம். எங்கேயும் ஒழுகவில்லை. ஒழுகாமல், அடைக்காமல், தண்ணி போகாமல் நின்றால் அதற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மாரிச்செல்வம் கிண்டல் பண்ணியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் பக்கத்தில் வந்து, "சரி விடு சித்ரா. நீ பண்ணுனதே பெருசு. உள்ள போய்ப் படு" என்றான்.

"நான் ஒண்ணும் சீக்காளி இல்ல, படுத்துக்கிடக்க. போங்க அங்கிட்டு."

அன்று சாயங்காலம்வரை அந்த ஸ்டூலை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குச் சின்னான் மேஸ்திரி வந்துவிட்டார். கூட ஒரு கலவைக்காரன். கடப்பாரை, மண்வெட்டி, சாந்துச் சட்டி. சித்ராதேவி அதற்கு முன்னாலேயே பின்னால் போய்க் கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்கம்மா, தண்ணி போச்சுங்களா?"

அவள் அடுத்த கனெக்டருக்கு நகர்ந்தாள். மாரிச்செல்வம் மேஸ்திரியைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினான். "ஆரம்பிங்க."

சின்னான் மேஸ்திரி மூலையிலிருந்து ஆரம்பித்தார். கடைசி வரிசைக் கறுப்புக் குழாய் காலில் இடறியது. குனிந்து, அதன் முனையிலிருந்த மூடியைப் பிடித்து இழுத்தார், சுருட்டி ஓரமாகப் போட.

புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

"கைய எடுக்காதீக!" சித்ராதேவி போட்ட கத்தலில் மேஸ்திரி அப்படியே உறைந்துபோனார். "அசையாதீக அண்ணே! அப்படியே நில்லுங்க!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள். சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் வால்வை மூடக் கை போகும், அந்தச் சத்தம். காற்று! குழாய்க்குள் தண்ணியில்லை, காற்று நிற்கிறது. சத்தம் அடங்கியது, முனையில் 'பொளக் பொளக்' என்று இருமியது, பிறகு மேஸ்திரியின் காலில் தண்ணி கொட்டியது.

சித்ராதேவி திரும்பி மெயின் பைப்பைப் பார்த்தாள். அதன் முதுகில் வரிசையாக நாலு கொக்குக் கழுத்து. அவள் கையாலேயே, பார்த்துப் பார்த்து வளைத்தது. கம்பெனியில் காற்றுக்குள் தண்ணி வரக் கூடாது, அதனால் கிளை மேலே. இங்கே தண்ணிக்குள் காற்று வரக் கூடாது. காற்று எங்கே போய் உட்காரும்? இருக்கிறதிலேயே உயரமான இடத்தில். அவளே நாலு திண்டு போட்டு, காற்றை உட்காரச் சொல்லிவிட்டு, தண்ணி ஏன் போகவில்லை என்று ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறாள். சோப்பு நுரை வேறு!

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றாள். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க."

"கெடு நேத்தோட முடிஞ்சுது" என்றான் மாரிச்செல்வம்.

"திங்கக்கிழமைக்குள்ளன்னுதான சொன்னீக? திங்கக்கிழமை முடிஞ்சுருச்சா? சூரியன் இப்பத்தான் மேல வருது, தெரியலையா?"

மாரிச்செல்வம் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி மடியிலிருந்து பீடியை எடுத்தார். "எனக்கென்னுங்க. நின்னாலும் கூலி, வெட்டுனாலும் கூலி."

வால்வை மூடினாள். யூனியனைக் கழற்றினாள். கிளாம்பை நாலும் நெம்பி எடுத்தாள். மெயின் பைப் கையோடு வந்தது, தண்ணி வடிந்த பைப்புக்கு எடையேது? அதைச் சுவரிலிருந்து இறக்கித் தரையோடு வைத்தாள். பைப்பைக் கால் திருப்பு திருப்பினாள். கிளை எடுத்த மூக்கு முதுகிலும் இல்லை, அடியிலும் இல்லை, இப்போது விலாவில் நின்றது. மேலே வைத்தால் காற்று மறிக்கும், அடியில் வைத்தால் வண்டல் போய் அடைக்கும். விலாதான் சரி. டிரம்மிலிருந்து இறங்கி வர, மிச்சம் கிடந்த துண்டுக் குழாயும் ஒரு எல்போவும் வைத்து, யூனியனை மறுபடி முடுக்கினாள். கொக்குக் கழுத்து நாலையும் கத்தரித்துத் தூர எறிந்தாள். எறிகிறபோது கொஞ்சம் வேகமாகத்தான் எறிந்தாள். கறுப்புக் குழாயை நேராக மூக்கில் சொருகினாள். வரிசை முனை மூடி நாலையும் திறந்தே விட்டாள்.

"இப்ப வால்வத் தொறங்க" என்றாள் புருஷனிடம்.

அவன் திறந்தான். நாலு முனையும் சீறின, இருமின, துப்பின. காற்று முழுக்க வெளியே போய்த் தண்ணி கயிறு மாதிரி ஓடத் தொடங்கியதும், முதல் வரிசையை மூடினாள். அப்புறம் இரண்டாவது. மூன்றாவது. நாலாவது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதல் கத்தரிக்குச் சொட்டு விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. இந்த முறை நிற்கவில்லை. மதிலுக்கு மேலே பழனாத்தாள், "போகுதுடி கண்ணு, போகுது!" என்று கூவினார். மாரிச்செல்வம் ஒவ்வொரு செடியாக நடந்து எண்ணினான். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவனும். "பத்தொம்போது… இருவது… இருவத்தொண்ணு…" கடைசி வரிசைக்குப் போனான். "இருவத்தி மூணு. இந்தக் கருவேப்பிலைக்கு வரல."

"நல்லாப் பாருங்க."

குனிந்து பார்த்தான். டியூப் முனை மண்ணுக்குள் புதைந்திருந்தது. ஒரு நொடி யோசித்தான். அப்புறம் இரண்டு விரலால் அதை மெல்ல வெளியே எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, செடிக்குப் பக்கத்தில் ஒரு கல்மேல் வைத்தான். சொட்டு விழுந்தது.

"இருவத்தி நாலு" என்றான்.

சின்னான் மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அப்ப நான் என்னங்க பண்றது? ஆளக் கூட்டிட்டு வந்துட்டனே."

மாரிச்செல்வம் சுண்ணாம்புக் கோட்டைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தான். "நதியா படிப்புக்கு என்ன சொல்ற?"

"அதுக்கு என் கார்டுல பிட்டர்னு எழுதச் சொல்லிக் கேக்கப் போறேன். வேலைக்குத் திரும்புற அன்னிக்கே."

"எழுதலைன்னா?"

"எழுதுற கம்பெனிக்குப் போறேன். முதலிபாளையத்துல எந்த ஷெட்டுல காத்து ஒழுகல, சொல்லுங்க?"

அவள் மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"வந்தது வந்துட்டீக அண்ணே. அந்த டிரம்முக்கு அடியில இருக்கிற கல்ல எடுத்துட்டு, பூசி கெட்டியா ஒரு மேடை கட்டிக் குடுங்க. இப்ப மூணடி இருக்கு. இன்னும் ரெண்டடி ஒசத்தணும். அப்பத்தான் டிரம்மு காலியாகுற மட்டும் ஒரே சீராப் போகும்."

"ரெண்டு எதுக்கு?" மாரிச்செல்வம் சட்டைக் கையை மடித்தான், கலவைச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தான். "கட்டுறதுதான் கட்டுறோம், மூணடி ஒசத்துங்க மேஸ்திரி. இன்னும் வேகமாப் போகும்."

"மூணு ஒசத்துனா பஞ்சாயத்துத் தண்ணி அந்த ஒசரத்துக்கு ஏறாது" என்றாள் சித்ராதேவி. "ரெண்டுதான்."